பீச் பழக் கொப்ளரும் அம்மாவின் திவசமும்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் காலந்தள்ளியவன் நான். போரும் பேச்சுவார்த்தையும், தேர்தலும் வரவு செலவுத் திட்டமும், காணாமற் போனோரின் தாய்மாரும் என் பேனாவுக்குப் பழகிப்போன விடயங்கள். சமையற் குறிப்பு எழுதும் பொறுப்பு ஒருநாளும் எனக்குத் தரப்பட்டதில்லை. வாரமலரில் அதனை எழுதிவந்த சக ஊழியர் விடுமுறையில் நின்ற வாரத்தில்கூட, ஆசிரியர் அந்தப் பக்கத்தை என்னிடம் ஒப்படைக்கத் துணியவில்லை. ஆயினும் இன்று ஒரு பலகாரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கின்றேன். வழக்கம்போல அரசியலை எதிர்பார்த்து வரும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

பலகாரத்தின் பெயர் பீச் கொப்ளர். பெயரைக் கேட்டதும் செருப்புத் தைக்கும் தொழிலாளி நினைவுக்கு வருவார். நான் சொல்ல வந்தது வட அமெரிக்க வீடுகளில் கோடைகாலத்தில் செய்யப்படும் எளிய உணவுப் பண்டத்தை. நன்கு கனிந்த பழத்தைத் துண்டுகளாக்கிச் சீனியுடன் ஒரு தட்டில் நிரப்பி, அதன்மேல் கோதுமை மாக் கலவையைக் கரண்டியால் அள்ளி ஆங்காங்கே வைத்து, அப்படியே வெதுப்பி எடுப்பார்கள். பழம் அடியில் கொதித்துக் குழம்பாகும். மேலே வைத்த மா உப்பிப் பொன்னிறமாகும். மாவைத் தேய்த்து விரிக்க வேண்டியதில்லை, ஓரம் மடிக்க வேண்டியதில்லை, அழகு பார்க்க வேண்டியதில்லை.

இதன் வரலாறு ஏழைகளின் வரலாறு. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தோர், தங்கள் ஊரில் செய்ததுபோலப் பழப் பணியாரங்களைச் செய்ய விரும்பினர். ஆனால் உட்பகுதிகளில் குடியேறியவர்களிடம் போறணையும் இல்லை, உரிய பாத்திரங்களும் இல்லை. இருந்தது கனமான இரும்புப் பானை ஒன்றுதான். அதில் பழத்தையும் மாவையும் இட்டு, தணலின்மேல் வைத்து, மூடியின் மேலும் தணல் பரப்பினார்கள். நமது ஊரில் அப்பம் சுடும் பெண்கள் சட்டிக்குக் கீழும் மூடிக்கு மேலும் நெருப்பு வைத்த அதே உத்திதான். 1839ஆம் ஆண்டில் வெளிவந்த லெட்டிஸ் பிரையன் என்பவரின் 'த கென்டக்கி ஹவுஸ்வைஃப்' என்ற சமையல் நூலில் பீச் பழத்தைக் கொண்டு செய்யும் இந்தப் பண்டமும், கொப்ளர் என்ற அதன் பெயரும் இடம்பெற்றுள்ளன. விருந்தாளிக்கு வைக்கும் நாகரிகப் பண்டமாக அவர் இதனைக் கருதவில்லை. வீட்டாருக்கு ஏற்றது என்று விதந்துரைக்கின்றார்.

கொப்ளருக்கு உடன்பிறப்புகள் பல. மாவையும் பட்டரையும் உதிரியாகப் பிசைந்து மேலே தூவினால் அது கிரம்பிள். அதனுடன் ஓட்ஸ் சேர்த்தால் கிரிஸ்ப். கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நோவா ஸ்கோஷியாவில் புளூபெரிப் பழத்தை அடுப்பின் மேலேயே கொதிக்கவிட்டு, மா உருண்டைகளை அதில் இட்டு மூடி அவித்து எடுப்பார்கள். அதற்கு கிரன்ட், அதாவது 'உறுமல்' என்று பெயர். கொதிக்கும் பழச்சாறு எழுப்பும் ஒலியால் வந்த பெயர் என்பார்கள். கைக்குக் கிடைத்த பழத்தை வீணாக்காமல் குடும்பத்துக்கு ஆக்கிப்போட்ட பெண்களின் கைவேலைகள் இவை யாவும்.

பீச் பழமும் ஒரு நாடோடிதான். அதன் பிறப்பிடம் சீனம். அங்கிருந்து மேற்கு நோக்கிப் பயணித்துப் பாரசீகம் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. ஐரோப்பியர் அதனைப் பாரசீகத்துப் பழம் என்றே எண்ணினர். தாவரவியற் பெயரிலும் 'பேர்சிக்கா' என்ற சொல் நிலைத்துவிட்டது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதனை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். அங்கிருந்த ஆதிக்குடிகள் அதனை விரும்பி நட்டுப் பரப்பியதால், பின்னர் வந்த வெள்ளையர் சிலர் அதனை அந்த மண்ணுக்கே உரிய மரம் என்று நம்பினர். பிறந்த இடத்தால் அன்றி, கடைசியாகத் தங்கி வந்த இடத்தால் அறியப்படும் விதி மனிதருக்கு மட்டும் உரியதன்று போலும்.

கனடா என்றதும் பனியை நினைக்கும் நமக்கு அங்கே பீச் விளைகிறது என்பது வியப்பாக இருக்கலாம். ஒன்ராறியோ மாகாணத்தின் நயாகரா குடாநாட்டில் ஒடுக்கமான நிலத்துண்டு ஒன்று உண்டு. வடக்கே ஒன்ராறியோ ஏரி, தெற்கே செங்குத்தான நீண்ட பாறைச் சரிவு. கோடையில் வெப்பத்தை உள்வாங்கும் ஏரி, குளிர்காலத்தில் அதனை மெல்ல மெல்ல வெளிவிடுகின்றது. பாறைச் சரிவு அந்த இதமான காற்றை அங்கேயே சுழல வைக்கின்றது. இலைதுளிர் காலத்தில் ஏரியின் குளிர் மரங்களை அவசரப்பட்டுப் பூக்கவிடாமல் தடுப்பதால், பின்பனியில் பூக்கள் கருகும் ஆபத்தும் குறைகின்றது. அதனாலேயே அந்த மாகாணத்துப் பீச் பழங்களில் மிகப் பெரும்பங்கு அங்கே விளைகின்றது. யூலை நடுப்பகுதியில் தொடங்கும் அறுவடை செப்டெம்பர் வரை நீடிக்கும். ஓகஸ்ட் மாதத்தில் பழுப்பது பெரும்பாலும் ரெட்ஹேவன் என்ற இனம். 1940ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்தில் உருவாக்கி வெளியிடப்பட்டது அது.

பழம் ஒன்ராறியோவினது என்றாலும் பறிக்கும் கைகள் பெரும்பாலும் அங்கு பிறந்தவை அல்ல. 1966ஆம் ஆண்டில் யமேக்காவிலிருந்து பருவகாலத் தொழிலாளரை அழைத்துவரும் திட்டமொன்றைக் கனடா தொடங்கியது. 1974இல் மெக்சிக்கோவும் அதில் இணைந்தது. ஆண்டின் பாதியைத் தோட்டத்து விடுதியிலும் மறுபாதியைத் தன் ஊரிலும் கழிக்கும் மனிதர்கள், இன்றும் அந்தத் தோட்டங்களில் ஏணியில் நிற்கின்றார்கள். பழத்தைத் தரம்பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கொட்டகைகளில், ஒரு காலத்தில் நமது பெண்களும் நின்றார்கள். அவர்களில் ஒருவர் என் அக்கா.

அக்கா 1988ஆம் ஆண்டில் கனடா போய்ச் சேர்ந்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1986 ஓகஸ்டில், 155 தமிழர்கள் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த நிலையில் மீனவர்களால் மீட்கப்பட்டிருந்தனர். அக்காவின் பயணம் வானூர்தியில் என்றாலும் அவரது கையில் இருந்ததும் அதே வெறுமைதான். அத்தான் ரொறன்ரோவில் உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவினார். அக்கா கோடை மாதங்களில் வேறு இரு தமிழ்ப் பெண்களுடன் சென்ற் கதரின்ஸ் நகரில் நிலவறை அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தங்கி, நாள்தோறும் பழக் கொட்டகைக்குப் போய்வந்தார்.

அந்த வேலையைப் பற்றி அவர் கூறியது இது. ஓடும் பட்டியில் பழங்கள் வந்துகொண்டே இருக்கும். நல்லது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம், அடிபட்டது ஒரு பக்கம். பீச் பழத்தின் தோலில் படிந்திருக்கும் மென்மயிர் உதிர்ந்து கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் ஒட்டிக்கொள்ளும். வியர்வையுடன் சேர்ந்து தாங்கமுடியாத சொறிவு. அவிக்கும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை அணிந்து, கழுத்தைத் துணியால் சுற்றிக்கொண்டுதான் நிற்க வேண்டும். நாள் முடிவில் அடிபட்ட பழங்களைத் தொழிலாளர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். "நல்ல பழத்தை நான் ரொறன்ரோக் கடையிலைதான் முதன்முதல் திண்டனான்" என்றார் அக்கா.

2024ஆம் ஆண்டு ஓகஸ்டில் மூன்று வாரங்கள் அக்கா வீட்டில் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவர் கனடா சென்ற பின்னர் நாங்கள் சந்திக்கவே இல்லை என்றில்லை. 2003இல், சமாதான காலத்தில், ஊருக்கு வந்தார். பின்னர் ஒரு கலியாணத்துக்கு வந்தார். இரண்டு தடவையும் வீடு நிறைந்த சனம். ஒரே குசினியில் இருவருமாக நின்று பேசும் நேரம் வாய்த்தது இந்த முறைதான்.

அந்த மாதத்தின் நான்காவது ஞாயிற்றுக்கிழமைக்கு முதல்நாள், மருமகள் கார் ஓட்ட, மூவரும் ஸ்காபரோவிலிருந்து நயாகராப் பக்கம் போனோம். நீர்வீழ்ச்சி பார்க்க அல்ல. அக்காவுக்கு வீதியோரப் பழக்கடை ஒன்று இருக்கின்றது. மூன்று லீற்றர் கூடைகளில் பளபளவென்று அடுக்கியிருந்த முதற்தரப் பழங்களை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. கடையின் பின்புறம் போய், இரண்டாந்தரம் என்று ஒதுக்கி வைத்திருந்த பழங்களில் இரண்டு கூடை எடுத்தார். "அம்மா ஒவ்வொரு வருஷமும் இப்பிடித்தான் மாமா. காரணம் கேட்டால் ருசி கூட எண்டுவா" என்றாள் மருமகள். அதில் உண்மையும் உண்டு. மரத்திலேயே முற்றிக் கனிந்த பழம்தான் எளிதில் அடிபடும். காயாகப் பறித்தது கல்லுப்போல நிற்கும்.

மறுநாள் காலை அக்கா செய்யும்போது, தொழில் புத்தி விடாமல், நான் குறிப்புப் புத்தகத்துடன் அருகில் நின்றேன். கைக்கணக்கில் அவர் செய்ததைத் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டேன். விரும்புவோர் செய்து பார்க்கலாம்.

பீச் பழம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ, அதாவது எட்டு ஒன்பது பழம். கொதிநீரில் அரை நிமிடம் அமிழ்த்தி உடனே குளிர்நீரில் போட்டால் தோல் கையோடு கழன்று வரும். அடிபட்ட இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, கொட்டையை நீக்கி, விரலளவு தடிப்பில் சீவிக்கொள்ள வேண்டும். அதனுடன் 100 கிராம் சீனி, ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு, அரைத் தேக்கரண்டி கறுவாத் தூள், ஒரு சிட்டிகை சாதிக்காய், இரண்டு மேசைக்கரண்டி சோள மா சேர்த்துப் பிரட்டி அரைமணி நேரம் வைத்தால் சீனி பழத்திலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும். இதனை அகலமான தட்டில் பரப்பி, முதலில் பழத்தை மட்டும் 190 பாகை செல்சியஸில் பத்து நிமிடம் சூடாக்க வேண்டும். பழம் குளிர்ந்திருக்க மாவை மேலே வைத்தால் மாவின் அடிப்பக்கம் வேகாமல் களிபோல நின்றுவிடும்.

மேலே வைக்கும் கலவைக்குக் கோதுமை மா 200 கிராம், சீனி மூன்று மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, அப்பச்சோடா கால் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. இவற்றை அரித்துக் கலந்து, குளிரூட்டியில் இருந்து எடுத்த கட்டியான பட்டர் 85 கிராமைச் சிறு துண்டுகளாக்கி, விரல் நுனியால் உதிர்த்துச் சேர்க்க வேண்டும். பட்டர் உருகக்கூடாது. பயறளவு துண்டுகளாக அது மாவுக்குள் நின்றால்தான், சூட்டில் உருகி ஆவி எழும்பி மாவைத் துளைதுளையாக்கும். பின்னர் 150 மில்லிலீற்றர் புளித்த மோரை ஊற்றி, முள்ளுக்கரண்டியால் நாலைந்து தரம் கிளறி நிறுத்திவிட வேண்டும். மோரின் புளிப்பும் அப்பச்சோடாவும் சேர்ந்தவுடன் காற்றுக் குமிழிகள் எழத் தொடங்கும். ரொட்டிக்குப் பிசைவதுபோல அடித்துப் பிசைந்தால் மா இறுகிப்போகும். கலவையைக் கரண்டியால் அள்ளிச் சூடான பழத்தின்மேல் இடைவெளி விட்டு வைத்து, மீண்டும் 35 முதல் 40 நிமிடம் வெதுப்ப வேண்டும். நடுப்பகுதியிலும் சாறு தடித்துக் குமிழிவிடுவதே பதம். சோள மா தடிப்பதற்கு அந்தக் கொதிப்பு வேண்டும்.

வெளியே எடுத்தவுடன் கரண்டியுடன் நெருங்கிய என்னை அக்கா தடுத்தார். "அவசரப்படாதை தம்பி. அது ஆறி இறுகவேணும். இன்னும் அரைமணித்தியாலம் இருக்கு."

அந்த அரைமணி நேரத்தில்தான் நான் கவனித்தேன். இவ்வளவு பொருளிலும் முட்டை இல்லை. கேக் என்றால் முட்டை இல்லாமல் இராது. ஆகவே, "ஏன் அக்கா, முட்டை சேர்க்கிறேல்லையோ?" என்று கேட்டேன். விடை வருவதற்குச் சற்று நேரம் எடுத்தது. அவர் உள்ளே போய் ஒரு பிஸ்கட் பெட்டியை எடுத்து வந்து, அதற்குள் இருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை என் கையில் தந்தார். கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாள். என் கையெழுத்து.

எங்கள் அம்மா 1993 யூலை 6ஆம் திகதி காலமானார். எனக்கு அப்போது 24 வயது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக் கலைப்பீட மாணவன். குடாநாட்டுக்கு 1990 முதல் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. வெளியுலகத்துக்குப் போகும் பாதையாக இருந்தது கிளாலிக் கடனீரேரி. இருளில், வள்ளத்தில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சனங்கள் அதனைக் கடந்தார்கள். அந்த ஆண்டு சனவரியில்தான் அந்த நீரில் பயணிகள் பலர் கொல்லப்பட்டிருந்தனர். கொழும்புக்குப் போகவிருந்த ஓர் உறவினரிடம் அக்காவுக்கான கடிதத்தைக் கொடுத்து அனுப்பினேன். அவர் கடலேரி கடந்து, வவுனியாவில் மறிபட்டு, கொழும்பு போய்ச் சேர்ந்து தபாலில் இட்டார். ரொறன்ரோ முகவரிக்கு வந்த கடிதத்தைத் தொலைபேசியில் வாசித்துக் காட்ட மனமில்லாமல், அத்தான் தமது ஓய்வு நாளில் பஸ் ஏறிச் சென்ற் கதரின்ஸுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அது ஓகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை. அம்மா இறந்து 47ஆம் நாள்.

சைவர்களாகிய நாங்கள் 31ஆம் நாள் அந்தியேட்டி செய்து துடக்குக் கழிப்போம். துடக்குக் கழிந்து 16 நாட்கள் சென்ற பின்னரே துக்கம் என் அக்காவை வந்தடைந்திருக்கின்றது. அழுவதற்கு உரிய நாட்கள் அவருக்குத் தெரியாமலே முடிந்துவிட்டன. அவ்வளவு நாளும் அவர் வேலைக்குப் போயிருக்கின்றார், சிரித்திருக்கின்றார், அம்மாவுக்கு அனுப்பவென்று ஒரு கம்பளிச் சட்டைகூட வாங்கி வைத்திருக்கின்றார்.

கடிதத்தை நான் மீண்டும் வாசித்தேன். எத்தனை மணிக்கு மூச்சு அடங்கியது, யார் யார் பக்கத்தில் நின்றார்கள், பறை மேளத்துக்கு யார் சொன்னது, எந்தச் சுடலை, யார் தோள் கொடுத்தார்கள், மழை பெய்ததா இல்லையா என்று ஒன்றும் விடாமல் எழுதப்பட்டிருந்தது. அக்கா கண்ணால் காண முடியாததை எழுத்தால் காட்ட வேண்டும் என்பதற்காக, ஓர் இரவு முழுவதும் குப்பிவிளக்கில் இருந்து எழுதியது. என் வாழ்க்கையின் முதற் செய்தி அறிக்கை அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதற்குப் பின்னர் ஆயிரக்கணக்கான மரணங்களை எழுதியிருக்கின்றேன். எந்த வாசகரும் என் எழுத்தை 31 ஆண்டுகள் பிஸ்கட் பெட்டியில் வைத்துப் பாதுகாத்ததில்லை.

திங்கட்கிழமை அக்கா வேலைக்குப் போனார். போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. கொட்டகையில் அவருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மையார். யமேக்காவில் பிறந்தவர். 1955ஆம் ஆண்டில் மேற்கிந்தியத் தீவுப் பெண்களை வீட்டுப் பணிக்கென அழைக்கும் திட்டமொன்றைக் கனடா தொடங்கியது. அதன்கீழ் இளம்பெண்ணாக வந்து, பிறர் வீட்டுக் குசினியில் ஆண்டுக்கணக்காக உழைத்தவர். அக்காவின் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். அக்காவுக்கு அன்று இருந்த ஆங்கிலத்தில் இரண்டு சொற்களே வந்தன. அம்மா இல்லை என்பதற்கான சொற்கள். அந்த அம்மையார் வேறொன்றும் கேட்கவில்லை.

அன்று மாலை அவர் துவாயால் சுற்றிய ஒரு தட்டுடன் நிலவறைப் படியிறங்கி வந்தார். அதற்குள் இருந்தது கொட்டகையில் கழித்த பழத்தால் செய்த கொப்ளர், இன்னும் சூடாக. துக்கம் காத்த மூன்று பெண்களும் அன்று காலை முதல் ஒன்றும் சமைக்கவில்லை. அக்கா தயங்கி, முட்டை கலந்ததா என்று மட்டும் கேட்டிருக்கின்றார். அந்த அம்மையார் இல்லை என்று தலையசைத்தார். பின்னர் மூவரும் உண்டு முடிக்கும்வரை படியில் குந்தியிருந்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு போனார்.

இதனை வாசிக்கும் எம்மவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இழவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்தான் உணவு கொண்டுவந்து கட்டாயப்படுத்தி உண்ண வைக்க வேண்டும். அதற்கு அழைப்பும் இல்லை, நன்றியும் இல்லை. துக்க வீட்டுக்கு ஆக்கிய உணவைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பழக்கம் அந்த நாட்டவரிடமும் பரவலாக உண்டு. அந்த அம்மையாருக்கு நமது வழக்கம் தெரியாது. அக்காவுக்கு அவர்களது வழக்கம் தெரியாது. "எங்கடை செத்தவீட்டுக்கு அயல் கொண்டந்த சாப்பாடு அதுதான் தம்பி" என்றார் அக்கா. "அதைச் சாப்பிட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது."

அடுத்த கோடையில் அவர் அந்த அம்மையாரிடம் செய்முறையைக் கேட்டுப் பழகிக்கொண்டார். ஆனி மாதத்துத் திதியில் கோயிலில் மோட்ச அருச்சனை செய்விப்பதை அவர் ஓராண்டும் தவறவிட்டதில்லை. அது ஊருக்கும் சாத்திரத்துக்குமானது. ஓகஸ்ட் நான்காவது ஞாயிறு, செய்தி தம்மை வந்தடைந்த நாள், அவருக்கே உரிய திவசம். அன்றைக்கு அடிபட்ட பழத்தில் ஒரு கொப்ளர். முதற் பங்கு பக்கத்து வீட்டுக்குப் போகும். 31 ஆண்டுகளாக இந்தக் காரணத்தைப் பிள்ளைகளுக்கும் அவர் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் மருமகளும் முதன்முறையாகக் கேட்டாள். அவள் எழுந்து போய்த் தாயின் பின்னால் நின்று தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னர் அக்கா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "அண்டைக்கு எங்கடை வீட்டுக்கு ஆர் சாப்பாடு கொண்டு வந்தது?" நான் சொன்னேன். பக்கத்து வளவுப் பெரியம்மா ஒடியற் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்தார். அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடான காலம். தமது வீட்டுக்கு வைத்திருந்த ஒடியல் மா முழுவதையும் அவித்திருந்தார் என்பது பின்னர்தான் தெரிய வந்தது. பெட்டியோடு வைத்துவிட்டுத் திண்ணையிலேயே குந்தியிருந்தார், நாங்கள் உண்டு முடிக்கும்வரை. அக்கா அதனைக் கேட்டுத் தலையசைத்தார். பெரியம்மாவும் இப்போது இல்லை.

நாங்கள் இருவரும் ஒரே தாயின் மரணத்தை இரண்டு வெவ்வேறு மாதங்களில், இரண்டு வெவ்வேறு உணவுகளோடு கடந்திருக்கின்றோம். போனவர்களுக்கும் நின்றவர்களுக்கும் இடையே நம் சமூகத்தில் பேசப்படாத கணக்குகள் பல உண்டு. போனவர்கள் தப்பித்தார்கள் என்பது நின்றவர்களின் கணக்கு. நின்றவர்களுக்கு அம்மாவின் முகம் கிடைத்தது என்பது போனவர்களின் கணக்கு. இந்தக் கணக்கைத் தீர்க்க எந்த ஆணைக்குழுவும் கிடையாது. ஒரு மேசையில் இருந்து, அன்றைக்கு நீ என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுக்கொள்வது ஒரு தொடக்கமாகலாம்.

நயாகராவும் மாறிவிட்டது. ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே எஞ்சியிருந்த கடைசிப் பழத் தகர அடைப்புத் தொழிற்சாலை 2008ஆம் ஆண்டில் மூடப்பட்டது. தகரத்தில் அடைப்பதற்கென்றே வளர்த்த, கொட்டையோடு சதை ஒட்டிய பீச் இன மரங்களைத் தோட்டக்காரர்கள் வேரோடு பிடுங்கினர். அக்கா நின்ற கொட்டகை இருந்த இடத்தை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. வழிநெடுகத் திராட்சைக் கொடிகள். அந்த யமேக்கா அம்மையார் பல ஆண்டுகளுக்கு முன்னர் காலமானார். அக்கா செத்தவீட்டுக்குப் போனார். கையில் என்ன கொண்டுபோனார் என்று சொல்லத் தேவையில்லை.

ஊர் திரும்பிய பின்னர், 2025 யூலையில், அம்மாவின் திதியை ஒட்டி நானும் ஒன்று செய்தேன். இங்கே பீச் பழத்துக்கு எங்கே போவது? யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கறுத்தக்கொழும்பான் மாம்பழம் இருந்தது. அதன் இனிப்புக்குச் சீனியைப் பாதியாகக் குறைத்தேன். புளிப்புப் போதாததால் தேசிக்காயை இரட்டிப்பாக்கினேன். கறுவாவுக்குப் பதில் ஏலக்காய். சாதிக்காய் அப்படியே. நன்றாக வந்தது. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சற்று நேரத்தில் அக்காவிடமிருந்து குரற்பதிவு வந்தது: "நிறம் நல்லாயிருக்கு. முதல்ல பக்கத்து வீட்டுக்குக் குடு."

எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பது ஒரு சிங்களக் குடும்பம். ஓய்வுபெற்ற ஆசிரியையும் அவரது கணவரும். நான் தட்டுடன் போய் நின்றபோது, ஏதேனும் விசேடமா என்று ஆசிரியை சிங்களத்தில் கேட்டார். அம்மாவின் நினைவு நாள் என்றேன். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அடுத்த நாள் தட்டு திரும்பி வந்தபோது வெறுமையாக வரவில்லை. இறந்தவர்களின் பேரில் தானம் கொடுப்பவர்கள் அவர்களும். தட்டு நிறையப் பாற்சோறு இருந்தது.